எழுத்தாளருக்கு ஒரு நாற்காலி

என் மனைவி தனக்குப் பிடித்த புத்தகத்தை ஒரு முறை படிப்பாள். பிடிக்காத புத்தகத்தை இரண்டு முறை படிப்பாள். ஏன் என்று கேட்டால், “பிடிக்காததுலதாங்க நான் எதையாவது கண்டுக்காம விட்டிருப்பேன்” என்பாள். அவள் போய் நாலு வருடம் ஆகிறது. அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு சனிக்கிழமை மதியமும், எங்கள் கடையில் யாருமே உட்காரக் கூடாத நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஒரு மனிதரும்தான்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. பின்பக்கத்து அறையில் நான் கண் பரிசோதித்து, லென்ஸ் தேய்த்து, பிரேமில் பொருத்துவேன். முன்பக்கம் அவள் ராஜ்ஜியம். வருகிறவர்களின் முகத்துக்கு எந்த பிரேம் எடுபடும் என்று சொல்லுவாள். ஆள் இல்லாதபோது படிப்பாள். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. எனக்கு அவள் தெரிவாள், குரலும் கேட்கும். தேய்க்கும் மெஷின் ஓடும்போது மட்டும் ஒன்றும் கேட்காது.

வாசிப்புக் கூட்டம் தொடங்கியதற்குக் காரணம் எங்கள் மகள். எங்களுக்கு அவள் பாப்பா. இருபத்து மூன்று வயதிலும் பாப்பாதான். விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது, அவள் மேசைமேல் வைத்திருந்த ஒரு புது நாவலை என் மனைவி எடுத்துப் பின்னட்டையைப் பார்த்தாள்.

“இதெல்லாம் நமக்கு எதுக்குடி? கடவுளே இல்லைங்கிற ஆளு எழுதினது.”

“எத்தனாவது பக்கத்துல அப்படிச் சொல்றாரு?” என்றாள் பாப்பா.

என் மனைவி மறுபடியும் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

“படிக்கறதுக்கு முன்னாடியே தீர்ப்பு. உங்க சபையில எல்லாருமே அப்படித்தாம்மா. நீங்க படிக்கவே மாட்டீங்க” என்று சொல்லிவிட்டு அவள் பையைக் கட்டப் போய்விட்டாள்.

மறுவாரமே என் மனைவி அந்த நாவலை வாங்கினாள். முழுக்கப் படித்து முடித்துவிட்டு, தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து நின்று சிரித்தாள். “அந்த மனுஷன் எங்கேயுமே அப்படிச் சொல்லலைங்க! நானா சேர்த்துக்கிட்டேன்.”

அப்படித்தான் சனிக்கிழமைக் கூட்டம் பிறந்தது. மூன்று மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவோம். எங்கள் தேவாலயச் சபையிலிருந்து ஓட்டுநர் அண்ணன் வருவார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். கணக்கு டீச்சர் வருவார். பள்ளியில் ஓய்வு பெற்றாலும் எங்களுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்தாதவர். என்னோடும் என் மனைவியோடும் சேர்த்து நாலு பேர். புதுப் புத்தகம் மட்டும்தான் படிப்போம். “பழைய புத்தகத்துக்கு என்ன சொல்லணும்னு நமக்கு முன்னாடியே யாராவது சொல்லிட்டாங்க. புதுசுக்கு நாமதான் ஜெபம் பண்ணி, மூளையையும் கொஞ்சம் கசக்கணும்” என்பது அவள் கட்சி.

நாற்காலி அவளுடைய யோசனைதான். கூட்டத்தில் ஒரு நாற்காலி எழுத்தாளருக்கு. அது காலியாகவே இருக்கும். பேசுகிறவர், முதலில் அந்த நாற்காலியைப் பார்த்து, “நீங்க சொல்ல வர்றது இதுதானே?” என்று எழுத்தாளரின் கருத்தைச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் அங்கே இருந்தால் ‘ஆமாம், அதுதான்’ என்று தலையாட்டுகிற மாதிரி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நமக்கு ஒப்புகிறதா இல்லையா என்ற பேச்சு.

“அடுத்தவனைப் பத்திப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னு நமக்குக் கட்டளை இருக்கா இல்லையா?” என்று அவள் கேட்டாள். “எழுதறவனும் அடுத்தவன்தானே? அவன் சொல்லாததைச் சொன்னான்னு சொன்னா, அது என்ன சாட்சி?”

ஓட்டுநர் அண்ணனுக்கு முழங்கால் வலி. அப்படியும் அந்த நாற்காலியில் உட்கார மாட்டார். லென்ஸ் வந்த அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துகொள்வார். “வராத ஆளுக்கு மெத்தை, வந்த ஆளுக்கு அட்டை. நல்ல சபைம்மா இது” என்று ஒவ்வொரு வாரமும் சொல்லுவார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. இதற்கிடையில் பாப்பாவுக்கு வேலை கிடைத்து, வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கினாள். வீட்டுக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குத் தலைவலி வரும். ஆராதனை முடிகிற நேரத்துக்குச் சரியாகப் போய்விடும். என் மனைவி ஒவ்வொரு முறையும் மாத்திரையும் தண்ணீரும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்புவாள். அது தலைவலி இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு ஒருநாள் பாப்பா ஒரு நாவலை அனுப்பினாள். கூடவே போனும் செய்தாள். “அம்மா, அடுத்த கூட்டத்துக்கு இதை எடுத்துக்கங்க. நானும் வர்றேன். உங்க ஆளுங்க இதை எப்படிப் படிக்கிறாங்கன்னு பாக்கணும்.”

போனை வைத்த பிறகு என் மனைவி துணியை எடுத்து ஒரு பிரேமைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “இது பரீட்சைங்க. இதுல தோத்தா, அவ எங்கிட்ட சொல்ல வேண்டியதை வேற யார்கிட்டயாவது சொல்லிக்குவா. அப்புறம் எங்கிட்ட வானிலை பத்தி மட்டும்தான் பேசுவா” என்றாள்.

நாவல் ஒரு ஆம்புலன்ஸ் ஓட்டுநரைப் பற்றியது. பக்தியுள்ள வீட்டில் வளர்ந்தவன். வண்டியில் ஏற்றுகிற ஒவ்வொருவருக்காகவும் ஜெபித்துக்கொண்டே ஓட்டுவான். ஒருநாள் ஜெபிப்பதை நிறுத்திப் பார்க்கிறான். வண்டி அதே வேகத்தில்தான் போகிறது. பிழைக்கிறவர்கள் பிழைக்கிறார்கள், சாகிறவர்கள் சாகிறார்கள். இவ்வளவுதான் கதை. ஆனால் எழுத்தாளர் நன்றாக எழுதியிருந்தார். எனக்கே இரண்டு நாள் லென்ஸ் தேய்க்கும்போது கை நின்று நின்று போனது. டீச்சர் பதிப்பகத்தின் முகவரிக்கு, எழுத்தாளர் விரும்பினால் கூட்டத்துக்கு வரலாம் என்று கடிதம் போட்டார். ‘முடிந்தால் வருகிறேன்’ என்று ஒரு வரியில் பதிலும் வந்தது. புத்தகத்தில் அவர் படம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை பாப்பா மதியமே வந்துவிட்டாள். வாசலோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு அழையாத விருந்தாளியாக சபைச் செயலாளர் ஐயாவும் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

“இந்தப் புத்தகம் விஷம்னு கேள்விப்பட்டேன்ம்மா. விசுவாசிகள் கூடி இதைப் படிக்கிறதாவது? நான் சும்மா இருக்க முடியுமா?”

“உக்காருங்கய்யா. எத்தனாவது பக்கத்துல விஷம்?” என்றாள் என் மனைவி. பாப்பாவின் உதடு லேசாக அசைந்ததை நான் தடுப்பு வழியே பார்த்தேன். அவசரமாகக் கொடுக்க வேண்டிய ஒரு லென்ஸ் பாக்கி இருந்ததால் நான் இன்னும் உள்ளேயே இருந்தேன். மெஷினை ஓடவிட்டேன்.

அதனால்தான் அந்த மனிதர் ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தபோது அவர் ஏதாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வயது இருக்கும். கண்ணைச் சுருக்கிச் சுவரைத் தடவாத குறையாக நடந்து வந்தார். காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மெஷினை நிறுத்தியபோது முன்பக்கத்தில் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர்தான் முதலில் எழுந்தார். “வந்துட்டீங்களா! நாங்க எதிர்பார்க்கவே இல்லை.”

“கடை திறந்திருந்ததுங்க” என்றார் அவர் பணிவாக.

ஓட்டுநர் அண்ணன் பெட்டியிலிருந்து எட்டிக் கை குலுக்கினார். “ஐயா, ஒரே ஒரு குறை. நாலாவது அத்தியாயத்துல அந்தப் பாலத்து வளைவுல ஆம்புலன்ஸை டாப் கியர்ல எடுக்கறான். எடுத்தா நேரா ஆத்துலதான் போவான். மத்தபடி, ராத்திரி வண்டி ஓட்டறவன் மனசை அப்படியே பிடிச்சிட்டீங்க. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு எத்தனையோ நாள் அதே கேள்வி கேட்டிருக்கேன்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டீச்சர் ஆரம்பித்துவிட்டார். எங்கள் கூட்டத்தில் கேள்வி கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் கிடையாது. டீச்சர் பத்துக்கு ஏழு போட்டார். முடிவு அவசரம் என்று மூன்றைக் குறைத்தார்.

பிறகு எல்லாரும் செயலாளர் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். விஷம் என்ற சொல் அவர் வாயில் எங்கேயோ கரைந்துபோயிருந்தது.

“ஐயாவோட நடை… நல்ல நடை. சரளமான நடை. எழுத்து ஒரு வரம்தான். கருத்துல சில இடங்கள்… அது அவங்கவங்க சுதந்திரம்.”

வாசலோரம் பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

என் மனைவி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலிக்கு நேராகத் திரும்பினாள். அவள் குரல் வழக்கமான குரல்தான். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே குரல்.

“நீங்க சொல்ல வர்றது இதுதானேய்யா? ஜெபம் பண்ணாலும் பண்ணாட்டாலும் வண்டி ஒரே வேகத்துலதான் போகுது. அப்போ ஜெபம் எதுக்கு? அவன் பொய்யா நடிக்கறதை விட நிறுத்தினது நேர்மைன்னு சொல்றீங்க. அது எனக்குப் புரியுது. இன்னொண்ணும் ஒத்துக்கறேன். நாங்கதான் ஜெபத்தை பெட்ரோல் மாதிரி ஆக்கி வெச்சிருக்கோம். ஊத்தினா ஓடணும், ஓடலைன்னா கோபம். நீங்க எங்களைக் கண்ணாடியில காட்டிட்டீங்க. ஆனா வண்டியைத் தள்ளறதுக்கா ஜெபம்? பின்னாடி படுத்திருக்கிறவன் தனியா இல்லைன்னு சொல்றதுக்கில்லையா? உங்க ஆளு ஜெபத்தை விட்ட அன்னிக்கு, பின்னாடி திரும்பிப் பாக்கறதையும் விட்டுட்டான். அதை நீங்களே எழுதியிருக்கீங்க, தொண்ணூத்தாறாம் பக்கத்துல. ஆனா அதைப் பத்தி ஒரு வரி கூட யோசிக்காம போயிட்டீங்க. அங்கதான் எனக்கு உங்களோட சண்டை.”

பாப்பாவின் கைகள் கட்டவிழ்ந்திருந்தன. அவள் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதர் நெற்றியைத் துடைத்தார். “அம்மா, நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். கண்ணாடிக் கால் உடைஞ்சு போச்சு.” சட்டைப்பையிலிருந்து இரண்டு துண்டாகக் கிடந்த கண்ணாடியை எடுத்து நீட்டினார். “ஏதோ ஜெபக் கூட்டம்னு நினைச்சேன். நடுவுல எந்திரிச்சா மரியாதை இல்லைன்னு உக்காந்துட்டேன்.”

ஓட்டுநர் அண்ணன் சிரித்த சிரிப்பில் அட்டைப்பெட்டி ஒரு பக்கம் நசுங்கியது. டீச்சர் தன் ஏழு மதிப்பெண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தார். செயலாளர் ஐயா மட்டும் இரண்டு பேனாக்களையும் எடுத்து எடுத்து மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார்.

“ஐயா, எத்தனை பக்கம் படிச்சீங்க?” என்றாள் பாப்பா இனிமையாக.

“அஞ்சு” என்றார் அவர். ஒரு நிமிடம் கழித்து, “முன்னுரையோட சேர்த்து” என்றார். நல்ல மனிதர். அதற்குமேல் எங்களாலும் அவரைக் கிண்டல் செய்ய முடியவில்லை. “எழுத்தாளர்னு நினைச்சு இவர் எதிர்ல ஒண்ணு, முதுகுக்குப் பின்னால ஒண்ணுன்னு பேசிட்டேன். தப்புதான். புத்தகத்தை ஒரு வாரம் குடுங்க, படிக்கிறேன்” என்று அவரே சொன்னார்.

நான் முன்பக்கம் போய் உடைந்த கண்ணாடியை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது பாப்பா கேட்டாள்.

“அம்மா, நீ பதினோராம் அத்தியாயத்தைப் பத்தி ஏன் ஒண்ணும் சொல்லல?”

என் மனைவி புத்தகத்தின் முதுகைத் தடவினாள். எனக்கு அந்த அத்தியாயம் தெரியும். ஆம்புலன்ஸ்காரன் தன் அம்மாவைப் பார்க்கப் போகிறான், தான் ஜெபிப்பதை விட்டுவிட்டதாக அவளிடம் சொல்ல.

“படிக்கல” என்றாள்.

“என்னது?”

“அவன் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போறான்னு பத்தாவதுல முடியுது. என்ன சொல்லப் போறான்னு தெரிஞ்சது. பயந்துட்டேன். அப்படியே தாண்டி பன்னெண்டுக்குப் போயிட்டேன்.”

இரண்டு வருடமாக எங்கள் எல்லாருக்கும் நேர்மையைப் பற்றிப் பாடம் எடுத்தவள். டீச்சர் கூட மதிப்பெண் போடவில்லை. பாப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். “நீங்க படிக்கவே மாட்டீங்கன்னு அன்னிக்கே சொன்னேன்” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

“நில்லு. இப்ப படிக்கிறேன். இங்கேயே” என்றாள் என் மனைவி. பக்கத்தைத் திறந்தாள், இரண்டு வரி பார்த்தாள், புத்தகத்தை நீட்டினாள். “எனக்கு எழுத்து ஒண்ணும் தெரியலடி. நீ வாசி.”

கண்ணாடிக் கடைக்காரியின் கண் அப்படி நிறைந்திருந்தது. பாப்பா புத்தகத்தை வாங்கினாள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு வாசித்தாள். ஒன்பது பக்கம். அம்மா துணி தைத்துக்கொண்டிருக்கிறாள், மகன் எதிரே உட்கார்ந்து சொல்கிறான். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நூலைக் கடித்து அறுத்து, துணியை மடித்து வைக்கிறாள். அவன் எழுந்து போகிறான். அவ்வளவுதான். லிஃப்ட்காரர் உட்பட எல்லாரும் கேட்டோம்.

“இங்க அவர் தப்புப் பண்ணிட்டாரு” என்றாள் என் மனைவி, மூக்கை உறிஞ்சியபடி. “எந்த அம்மா ஒரு கேள்வி கூடக் கேக்காம இருப்பா?”

“நீ கேக்கலையேம்மா” என்றாள் பாப்பா. “மாத்திரைதானே வெச்சே.”

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. என் மனைவி இரண்டு முறை தலையை அசைத்தாள்.

“சரி. எழுத்தாளர் சொன்னதுதான் சரி. நான் தப்பு.” பிறகு, “இப்ப கேக்கறேன். எப்போ நிறுத்தினே?” என்றாள்.

பாப்பாவின் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போல ஆனது.

ஓட்டுநர் அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “எல்லாரும் வாங்க, முக்குக் கடையில டீ. ஐயா, நீங்களும் வாங்க, உங்க கண்ணாடி ரெடியாக நேரமாகும். செயலாளர் ஐயா, நீங்கதான் வாங்கித் தரணும்.” நாலு பேரும் ஷட்டருக்குக் கீழே வரிசையாகக் குனிந்து வெளியேறினார்கள்.

எனக்கு வெளியேற வழியில்லை. அம்மாவையும் மகளையும் தாண்டித்தான் போக வேண்டும். அங்கேயே நின்றால் எல்லாம் கேட்கும். மகள் அம்மாவிடம் சொல்வதை நான் ஒட்டுக் கேட்பது சரியில்லை என்று பட்டது. அதனால் தேய்க்கும் மெஷினைப் போட்டேன். அதில் லென்ஸ் இல்லை. வெறும் கல் சுற்றியது. லிஃப்ட்காரரின் கண்ணாடிக் காலைப் பொருத்தி, ஸ்க்ரூவைத் திருகி, மறுபடியும் கழற்றி, மறுபடியும் திருகினேன். தடுப்பின் வழியே இரண்டு பேரின் வாயும் கையும் மாறி மாறி அசைவது தெரிந்தது. ஒருமுறை பாப்பா அழுதாள். ஒருமுறை என் மனைவி புத்தகத்தைத் தட்டித் தட்டி எதையோ மறுத்தாள். முக்கால் மணி நேரம் அந்தக் கல் சும்மா ஓடியது. அந்த மாத மின்சாரக் கட்டணத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு தடுப்பை யாரோ தட்டினார்கள். பாப்பா. மெஷினை நிறுத்தினேன்.

“அப்பா, அம்மா சொல்றதைக் கேளுங்க. அந்தத் தையல் அம்மா வாய் பேசலைன்னாலும் மனசுக்குள்ள ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் நூலை அறுத்தாளாம். புத்தகத்துல எங்கே இருக்கு அது?”

“எங்கேயும் இல்லை. நானா சேர்த்துக்கிட்டேன்” என்றாள் பின்னாலிருந்து என் மனைவி. “சேர்த்ததைச் சேர்த்தேன்னு ஒத்துக்கறேன்ல?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் மறுபடியும் ஆரம்பித்தார்கள். டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்தபோதும் சண்டை முடிந்திருக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்ட லிஃப்ட்காரர் முதல்முறையாக எங்கள் முகங்களைத் தெளிவாகப் பார்த்துவிட்டு, “அடுத்த புத்தகம் எது?” என்று கேட்டார்.

பாப்பா அதற்கு அடுத்த நாள் சபைக்கு வரவில்லை. தலைவலி என்றும் சொல்லவில்லை. “நான் வரலம்மா” என்றாள். “சரிடி, போயிட்டு வர்றோம்” என்றாள் என் மனைவி. வாசலில் செருப்பைப் போடும்போது அவள் முகம் நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடத்தில் அம்மாவும் மகளும் சேர்ந்து பதினேழு புத்தகம் படித்தார்கள். கடைசி நாலு புத்தகத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாப்பாதான் வாசித்தாள். எதையும் தாண்டிப் போக அம்மா விடவில்லை. கடைசி வாரத்தில் ஒருநாள் வாசிப்பை நிறுத்திவிட்டு, “அம்மா, நான் ஜெபம் பண்ணட்டுமா? எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல” என்று பாப்பா கேட்டாள். “தெரிஞ்சதைச் சொல்லு, போதும்” என்றாள் இவள். அன்று என்னால் எந்த மெஷினையும் போட முடியவில்லை. கேட்டேன். அதை இங்கே எழுதுவதாக இல்லை.

இப்போது பாப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறாள் என்று என்னிடம் சிலர் கேட்பதுண்டு. அவளையே கேளுங்கள், சொல்லுவாள் என்பேன். நான் கேட்கிறேன், சொல்கிறாள். சில வாரம் போகிறாள், சில வாரம் போவதில்லை. இரண்டுக்கும் காரணம் சொல்கிறாள்.

முந்தாநாள் போன் செய்தாள். “அப்பா, ஒரு புது நாவல் அனுப்பியிருக்கேன். பாதி வந்துட்டேன். ஒரே எரிச்சலா இருக்கு.”

“என்ன எரிச்சல்?”

“சொல்ல மாட்டேன். நீங்க படிங்க முதல்ல.”

இன்று மதியம் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அறுபத்திரண்டாம் பக்கம் வரை படித்துவிட்டேன். எனக்கு என்னவோ எழுத்தாளர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. பாப்பா சனிக்கிழமை வருகிறாள். நல்ல சண்டை இருக்கிறது.